நினைவுகூர்தலும் கொண்டாடுதலும்: இன்றைய பிரெஞ்சுச் சமூகத்தின் பார்வையில் நெப்போலியன் போனபார்ட்

ஆய்வுச் சுருக்கம்

நெப்போலியன் போனபார்ட் இறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2021ஆம் ஆண்டில், அவரை அரசு முறையில் நினைவுகூர வேண்டுமா என்ற வினா பிரான்சில் பெரும் விவாதமாயிற்று. அவ்விவாதத்தை மையமாகக் கொண்டு, இன்றைய பிரெஞ்சுச் சமூகம் அவரை எவ்வாறு நோக்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குடியரசா, பேரரசா என்றிருந்த பழைய வழக்கு இன்று அடிமைமுறை, பெண்ணுரிமை ஆகியவை பற்றிய வழக்காக மாறியுள்ளது. நிறைகளையும் குறைகளையும் தனித்தனியே எழுதிக் கழித்துப் பார்க்கும் வழக்கமான மதிப்பீட்டு முறை, 1802ஆம் ஆண்டின் ஆவணங்களுக்கு முன் நிலைகொள்ளவில்லை என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெப்போலியன், பிரான்சு, வரலாற்று நினைவு, அடிமைமுறை, குவாதலூப், குடிமைச் சட்டத் தொகுப்பு, நினைவுச் சின்னங்கள்

முன்னுரை

2021 மே 5ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் எம்மானுவேல் மக்ரோன், பாரிசிலுள்ள பிரான்சுக் கல்விக்கழகத்தின் குவிமாடத்தின் கீழ் நெப்போலியனைப் பற்றி உரையாற்றினார். பின்னர் ஆன்வலீது மாளிகைக்குச் சென்று அவருடைய கல்லறையில் மலர்வளையம் வைத்தார். உரையின் முதன்மையான கருத்து இரண்டு வினைச்சொற்களைச் சுற்றி அமைந்தது. தாம் நெப்போலியனைக் கொண்டாட வரவில்லை, தெளிந்த அறிவோடு நினைவுகூரவே வந்திருப்பதாக அவர் கூறினார். அடிமைமுறையை நெப்போலியன் மீண்டும் நிலைநிறுத்தியதை ஒரு தவறு என்றும், அறிவொளிக் காலத்தின் உணர்வுக்கு இழைத்த துரோகம் என்றும் அவ்வுரை குறிப்பிட்டது. பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் ஒருவர் நெப்போலியனை நினைவுகூரும் அரசு மேடையில் அச்செயலை இவ்வளவு வெளிப்படையாகக் கண்டித்தது புதிது.

இதன் புதுமை, முன்னைய நூற்றாண்டு நிறைவுகளோடு ஒப்பிடும்போது விளங்கும். நெப்போலியன் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற 1969 ஆகஸ்டு 15 அன்று, அன்றைய தலைவர் ழார்ழ் பொம்பிதூ அவர் பிறந்த அழாக்சியோ நகரத்திற்கே சென்று புகழுரை ஆற்றினார். அவ்விழா பெரிய சர்ச்சை எதையும் எழுப்பவில்லை. 2005 டிசம்பர் 2இல் ஆஸ்டர்லிட்சு வெற்றியின் இருநூறாம் ஆண்டு வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. தலைவர் ழாக் சிராக்கோ தலைமை அமைச்சர் தொமினிக் த வில்பேனோ விழாவில் கலந்துகொள்ளவில்லை. வில்பேன் நெப்போலியனைப் பற்றி விரிவாக நூல் எழுதியவர் என்பதால் அவர் வராதது மேலும் கவனிக்கப்பட்டது. அதே ஆண்டு கோடையில், டிரஃபால்கர் கடற்போரின் இருநூறாம் ஆண்டையொட்டி பிரித்தானியர் நடத்திய கடற்படை அணிவகுப்பில் பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் பங்கேற்றிருந்தது. தோல்வியின் விழாவுக்குக் கப்பலை அனுப்பிய அரசு, வெற்றியின் விழாவில் தலைவரைக் காணாமற்போகச் செய்தது என்று அன்று பலரும் எள்ளினர்.

தமிழில் நெப்போலியன் பெரும்பாலும் தன்னம்பிக்கைக் கதைகளின் நாயகராகவே அறியப்படுகிறார். முடியாது என்ற சொல்லே தம் அகராதியில் இல்லை என்று அவர் சொன்னதாக வழங்கும் கதையைக் கேளாத மாணவர் குறைவு. அவருடைய சொந்த நாட்டில் அவர் பெயர் எழுப்பும் தயக்கத்தை இப்பின்னணியில் புரிந்துகொள்வது எளிதன்று. 1969இலிருந்து 2021க்குள் நெப்போலியனைப் பற்றிய அடிப்படைச் செய்திகள் மாறிவிடவில்லை. அவற்றைக் கேட்கவும் கேள்வி எழுப்பவும் உரிமை பெற்றவர்களின் வட்டம் விரிவடைந்துள்ளது.

கல்லறையில் செதுக்கப்பட்டவை

நெப்போலியனைப் பிரெஞ்சுக்காரர் எளிதில் புறந்தள்ள இயலாமைக்கு முதற்காரணம் உணர்ச்சி அன்று, நிர்வாகம். 1799 நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய சில திங்களிலேயே அவர் பிரான்சு வங்கியை நிறுவினார். 1800 பெப்ரவரிச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் மைய அரசு நியமிக்கும் ஆட்சியரை அமர்த்தியது. அரசு ஆலோசனை மன்றம், லிசே எனப்படும் உயர்நிலைப் பள்ளிகள், தணிக்கை நீதிமன்றம், 1808ஆம் ஆண்டு ஆணையால் உருப்பெற்ற பக்கலோரியா தேர்வு ஆகிய அனைத்தும் இன்றும் இயங்குகின்றன. ஒரு பிரெஞ்சு மாணவர் பள்ளியிறுதித் தேர்வு எழுதும்போதும், ஒரு குடிமகன் மாவட்ட ஆட்சியரகத்தில் விண்ணப்பம் கொடுக்கும்போதும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நெப்போலியன் அமைத்த கட்டடத்திற்குள்தான் நிற்கிறார்.

இவற்றுள் தலையாயது 1804 மார்ச் 21இல் வெளியான குடிமைச் சட்டத் தொகுப்பு. வட்டாரந்தோறும் வேறுபட்டிருந்த வழக்காறுகளை நீக்கி, நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தை அது தந்தது. பல நாடுகள் அதை முன்மாதிரியாகக் கொண்டன. அதன் நிழல் தமிழ் நிலம் வரை நீண்டது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலும் அத்தொகுப்பு அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் சாதி, சமய வழக்காறுகள் ஒருபுறம் காக்கப்பட்டன. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வந்தனர். ‘ரெனோன்சான்’ என்று புதுச்சேரியில் வழங்கப்படும் இவர்களின் வழித்தோன்றல்கள் குடும்ப, மரபுரிமைச் செய்திகளில் அச்சட்ட மரபைத் தொடர்ந்து பின்பற்றுகின்றனர்.

ஆன்வலீது கல்லறை இந்நிறுவனப் பெருமையையே கல்லில் வடித்துள்ளது. செயிண்ட் எலனா தீவில் புதைக்கப்பட்டிருந்த உடல் 1840 டிசம்பரில் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டது; கல்லறைப் பணி 1861இல்தான் நிறைவுற்றது. செந்நிறக் கற்பேழையைச் சுற்றித் தரையில் ரிவோலி, மரெங்கோ, ஆஸ்டர்லிட்சு முதலிய போர்க்களங்களின் பெயர்கள் பதிக்கப்பட்டுள்ளன. சுற்று நடையின் சுவரில் சிற்பி சிமார் செதுக்கிய பத்துப் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. குடிமைச் சட்டத் தொகுப்பு, போப்பாண்டவருடன் செய்த உடன்படிக்கை, பல்கலைக்கழகம், தணிக்கை நீதிமன்றம், மைய நிர்வாகம், ‘மதிப்புப் படையணி’ எனப்படும் விருது முதலியவை அவற்றின் பொருள்கள். அவற்றில் நெப்போலியன் பழைய உரோமப் பேரரசரின் தோற்றத்தில் காட்சி தருகிறார். குவாதலூப்போ சான்-தொமேங்கோ இச்சுவர்களில் இடம்பெறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பாரிசு எதை நினைவில் வைக்க விரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் கிடைப்பது அரிது.

ஓர் இடத்தில் மட்டும் இந்நிறுவன மரபு வேறு வடிவில் தங்கிவிட்டது. 1905இல் பிரான்சு சமயத்தையும் அரசையும் பிரித்தபோது அல்சாசு, மொசேல் பகுதிகள் செருமனியின் ஆட்சியில் இருந்தன. அவை 1918க்குப் பின் திரும்பியபோதும் அச்சட்டம் அங்கு நடைமுறைக்கு வரவில்லை. போப்பாண்டவருடன் நெப்போலியன் 1801இல் செய்த உடன்படிக்கையின்படி அப்பகுதியின் குருமாருக்கு அரசே இன்றும் ஊதியம் தருகிறது.

சட்டத்திற்குள் இருந்த வீட்டுத்தலைவன்

குடிமைச் சட்டத் தொகுப்பைப் புகழ்வோர் சமத்துவத்தைச் சுட்டுவர். அச்சமத்துவம் வீட்டு வாசலோடு நின்றது. அதன் 213ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்பும் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலும் கடமைப்பட்டவர் என வகுத்தது. கீழ்ப்படிதல் என்ற இக்கடமை 1938இல்தான் நீக்கப்பட்டது. திருமணமான பெண், கணவனின் இசைவின்றி வேலைக்குச் செல்லவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தன் வீட்டில் மனைவியைப் பிறனோடு கையும் களவுமாகக் கண்டு கொலை செய்த கணவனுக்குத் தண்டனைச் சலுகை அளித்த 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப் பிரிவு 1975 வரை ஏட்டில் இருந்தது.

இவ்வாண்டுகள் கவனத்திற்குரியவை. இன்று பிரான்சில் வாழும் முதிய பெண்கள் பலர் அச்சட்டங்களின்கீழ் மணம் புரிந்தவர்கள். ஆகையால் பெண்ணியத் திறனாய்வு நெப்போலியனைத் தொலைவிலிருக்கும் பேரரசராகக் காண்பதில்லை. தாய், பாட்டி ஆகியோரின் வாழ்க்கையைக் கட்டிய கையாகக் காண்கிறது. 2021இல் ஆண்-பெண் சமத்துவத்திற்கான அமைச்சர் எலிசபெத் மொரேனோ, நெப்போலியனைப் பெரும் பெண்வெறுப்பாளருள் ஒருவர் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டார். ஓர் அரசு நினைவுகூரத் திட்டமிட்டிருந்த ஆட்சியாளரை அவ்வரசின் அமைச்சரே இவ்வாறு விமரிசித்தது, பொதுக்கருத்தின் பிளவு அமைச்சரவைக்குள்ளும் ஓடியதைக் காட்டுகிறது.

1802: இரண்டு நாள்கள்

இன்றைய விவாதத்தின் நடுப்புள்ளி 1802. இவ்வாண்டின் நிகழ்வுகளைச் சற்று விரிவாகக் காண்பது தேவையாகிறது. ஏனெனில் நெப்போலியனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே மேற்கோள் காட்டும் ஆண்டு அது.

1794 பெப்ரவரி 4இல் புரட்சிக்காலத் தேசிய மன்றம் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமைமுறையை ஒழித்தது. கரீபியத் தீவுகளுள் குவாதலூப்பிலும் சான்-தொமேங்கிலும் இது செயற்படுத்தப்பட்டது. மார்த்தினிக் பிரித்தானியர் கையில் இருந்ததால் அங்கு விடுதலை எட்டவில்லை. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன், மொரீசியசு ஆகிய தீவுகளில் குடியேறிய வெள்ளையர் ஆணையை ஏற்க மறுத்தனர். 1802 மார்ச்சில் கையெழுத்தான அமியேன் அமைதி உடன்படிக்கையால் மார்த்தினிக் பிரான்சுக்குத் திரும்பியது. 1802 மே 20ஆம் நாள் சட்டம், இவ்வாறு ஒழிப்பு நடைமுறைக்கு வராத இடங்களில் அடிமைமுறையும் அடிமை வணிகமும் தொடரும் என அறிவித்தது.

குவாதலூப்பின் நிலை வேறு. அங்கு மக்கள் எட்டு ஆண்டுகள் குடிமக்களாக வாழ்ந்திருந்தனர். கறுப்பினப் படைவீரர்கள் குடியரசின் சீருடையில் பணியாற்றினர். 1802 மே மாதத்தில் தளபதி ரிஷ்பான்சின் தலைமையில் வந்த படை அவர்களின் ஆயுதங்களைப் பறிக்க முற்பட்டது. படையதிகாரி லூயி தெல்கிரேஸ் எதிர்த்து நின்றார். மே 28ஆம் நாள் மத்தூபா என்ற இடத்தில் சூழப்பட்ட நிலையில், அவரும் ஏறத்தாழ முந்நூறு தோழர்களும் வெடிமருந்தைக் கொளுத்தி உயிர்நீத்தனர். சூலை 16ஆம் நாள் ஆணை தீவில் அடிமைமுறையை மீட்டது. இவ்வாணை அன்று பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. அதனால் பழி நெடுங்காலம் ரிஷ்பான்ஸ் மீதே விழுந்தது. முதல் ஆட்சித்தலைவரான போனபார்ட்டின் பெயர் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தது அண்மைக் காலத்தில்தான். 2021இல் பாரிசின் லா வில்லெட் அரங்கில் நடந்த பெரும் நெப்போலியன் கண்காட்சியில், அடிமைமுறை நினைவுக்கான அறக்கட்டளையின் ஒத்துழைப்போடு, 1802ஆம் ஆண்டின் மூல ஆவணங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. முடிசூட்டு விழாப் பொருள்களைக் காண வந்தவர்கள் இவ்வேடுகளையும் கடந்துசெல்ல வேண்டியிருந்தது.

சான்-தொமேங்கில் முடிவு வேறாயிற்று. தலைவர் துசேன் லூவெர்த்தூர் பிடிக்கப்பட்டுப் பிரான்சின் குளிர்மலைக் கோட்டையான சூவில் 1803 ஏப்ரல் 7இல் இறந்தார். ஆயினும் அவருடைய மக்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 சனவரி 1இல் எயிட்டி என்ற விடுதலை நாட்டை அறிவித்தனர். குவாதலூப் மக்களுக்கு விடுதலை 1848இல்தான் வந்தது. ஒருமுறை ஒழித்த அடிமைமுறையை மீண்டும் சட்டத்தால் நிறுவிய நாடு என்ற பெயர் பிரான்சின் மேல் நிலைத்துவிட்டது.

ஆதரவாளர் தரும் விடை காலச் சூழலைச் சார்ந்தது. நெப்போலியன் அறக்கட்டளையின் இயக்குநரான வரலாற்றாசிரியர் தியெரி லென்ஸ், நெப்போலியனை இன்றைய அளவுகோலால் அளப்பதை மறுத்து 2021இல் நூலே எழுதினார். ஏனைய கடல்வல்லரசுகளும் அடிமைமுறையைக் கொண்டிருந்தன என்பதும், 1815இல் எல்பாவிலிருந்து திரும்பிய நெப்போலியன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தார் என்பதும் இத்தரப்பின் சான்றுகள். இவை உண்மையே. இருப்பினும் இவ்வாதம் பாதி வழியே செல்கிறது. இங்கு அளவுகோல் இன்றையது அன்று, 1794ஆம் ஆண்டினது. அக்காலப் பிரெஞ்சுச் சட்டமே அடிமைமுறையை ஒழித்திருந்தது. மே 20ஆம் நாள் சட்டத்திற்கு, கட்டுப்படுத்தப்பட்டிருந்த அன்றைய சட்டமன்றத்திலேயே 63 பேர் எதிர்வாக்கு அளித்தனர். 211 பேர் ஆதரித்தனர். வேறு வகையில் சிந்திக்க அக்காலத்தாரால் இயலவில்லை என்று கூற அவ்வெதிர்வாக்குகள் இடந்தரவில்லை.

பொதுமக்களிடமும் பாடநூல்களிடமும் பரவலாக வழங்கும் மதிப்பீட்டு முறை, பற்று-வரவுக் கணக்கின் சாயல் கொண்டது. ஒரு பக்கத்தில் சட்டம், கல்வி, நிர்வாகம். மறுபக்கத்தில் போர்ச்சாவு, சர்வாதிகாரம், அடிமைமுறை. இரண்டையும் கழித்து மீதியைக் கண்டு தீர்ப்பு வழங்கப்படுகிறது. மக்ரோனின் உரையும் பெரும்பகுதி இம்முறையையே பின்பற்றியது. இம்முறையின் இடர்ப்பாடு, இரண்டு பக்கங்களும் தனித்தனிக் கைகளால் எழுதப்பட்டவை என்று அது கருதிக்கொள்வதில் உள்ளது. தகுதிக்கு மட்டுமே மதிப்பளிக்கும் விருதாக இன்றும் போற்றப்படும் ‘மதிப்புப் படையணி’யை நிறுவிய சட்டம் 1802 மே 19ஆம் நாளது. அடிமைமுறையைத் தொடரச் செய்த சட்டம் மறுநாளது. அவ்வாண்டு சூலை 2ஆம் நாள் ஆணை கறுப்பினத்தவர் ஐரோப்பியப் பிரான்சுக்குள் நுழைவதையே தடைசெய்தது.

குடிமைச் சட்டத் தொகுப்பும் இதற்கு விலக்கன்று. புதுச்சேரியைத் திரும்பப் பெற்று ஆள்வதற்காக 1803இல் அனுப்பப்பட்ட தளபதி ஷார்ல் தெகான், பிரித்தானியர் நகரை ஒப்படைக்காததால் மொரீசியசுக்குச் சென்று அங்கிருந்து 1810 வரை மசுக்கரீன் தீவுகளை ஆண்டார். 1805இல் அவர் அத்தீவுகளில் குடிமைச் சட்டத் தொகுப்பை அறிவித்தபோது, வெள்ளையர், விடுவிக்கப்பட்டோர், அடிமைகள் என்ற பாகுபாட்டைச் சட்டத்தின் உள்ளேயே வைத்தார். வெள்ளையருக்கும் ஏனையோருக்கும் இடையே திருமணம் தடுக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களும் அத்தீவுகளின் அடிமைகளிடையே இருந்தனர். சட்டத்தின் முன் அனைவரும் நிகர் என்று பாரிசில் அறிவித்த அதே நூல், கடல் கடந்தபோது நிறத்தின் வேலியாயிற்று. நிறையும் குறையும் ஒரே ஏட்டில், ஒரே ஆட்சிநோக்கின் இரண்டு முகங்களாக எழுதப்பட்டுள்ளன. கழித்துப் பார்க்கும் கணக்கு இங்குத் தடுமாறுகிறது.

பெயர்களும் பீடங்களும்

நகரங்களின் பெயர்ப்பலகைகள் பிரெஞ்சு நினைவின் தயக்கத்தைச் சொல்லாமல் சொல்கின்றன. பாரிசில் ஆஸ்டர்லிட்சு தொடருந்து நிலையம், யேனாப் பாலம், ‘பெரும்படை’ நிழற்சாலை ஆகியவை உள்ளன. நகரைச் சுற்றியோடும் வட்டச்சாலையின் பெரும்பாலான பகுதிகள் அவருடைய தளபதிகளின் பெயர்களைத் தாங்கியவை. வெற்றி வளைவு அவர் தொடங்கியது. ஆயினும் முதலாம் நெப்போலியன் என்ற ஆட்சிப்பெயரால் ஒரு வீதியும் அந்நகரில் இல்லை. ஆறாம் வட்டாரத்தில் ‘போனபார்ட் வீதி’ மட்டும் உண்டு. படைத்தலைவர் போனபார்ட்டைக் குடியரசு ஏற்கும்; பேரரசரின் பெயரை உச்சரிக்கத் தயங்கும் என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

சிலைகளை வீழ்த்துவது இந்நூற்றாண்டின் புதுப்பழக்கம் எனக் குறை கூறுவோர் வாந்தோம் தூணை மறந்துவிடுகின்றனர். உச்சியில் நெப்போலியன் சிலை நின்ற அத்தூணை 1871 மே 16இல் பாரிசுக் கம்யூன் வீழ்த்தியது. ஓவியர் கூர்பே அதற்குப் பொறுப்பாக்கப்பட்டார். பின்வந்த குடியரசு அதை மீண்டும் நிறுத்தியது. அன்று வீழ்த்தியவர்கள் பாரிசின் உழைப்பாளிகள். அவர்களின் குற்றச்சாட்டு இராணுவ வெறியும் கொடுங்கோன்மையும்.

இன்றைய குற்றச்சாட்டு கடல் கடந்து வருகிறது. நெப்போலியனின் முதல் மனைவி யோசெபின் மார்த்தினிக்கில் தோட்ட முதலாளிக் குடும்பத்தில் பிறந்தவர். அடிமைமுறை மீட்கப்பட்டதற்கு அவருடைய தூண்டுதலே காரணம் என்ற நம்பிக்கை தீவில் வலுவானது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஃபோர்-த-பிரான்சு நகரில் இருந்த அவருடைய சலவைக்கல் சிலையின் தலை 1991இல் வெட்டப்பட்டது. தலையில்லாச் சிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்படியே நின்றது. 2020 சூலையில் அது முற்றாக வீழ்த்தப்பட்டது. பாரிசில் ரிஷ்பான்சின் பெயரைத் தாங்கிய வீதி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாதலூப்பில் பிறந்த கறுப்பின இசையறிஞர் செவாலியே த சேன்-ழார்ழின் பெயருக்கு மாற்றப்பட்டது. 1998இல் தெல்கிரேசுக்கும் துசேனுக்கும் பாந்தேயோனில் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. அடிமை வணிகத்தையும் அடிமைமுறையையும் மானுடத்திற்கு எதிரான குற்றமென அறிவித்த 2001ஆம் ஆண்டுச் சட்டம் மே 10ஆம் நாள் மேலவையில் நிறைவேறியது. அந்நாளே தேசிய நினைவு நாளாயிற்று. நெப்போலியனின் நினைவு நாளுக்கும் அதற்கும் இடைவெளி ஐந்தே நாள்கள்.

ஐரோப்பியப் பிரான்சுக்குள்ளும் பார்வை ஒருபடித்தானதன்று. கோர்சிகாவில் அழாக்சியோவின் விமான நிலையம் நெப்போலியன் பெயரைத் தாங்க, கோர்த்தேயிலுள்ள பல்கலைக்கழகம் தீவின் விடுதலைத் தலைவர் பஸ்குவாலே பாவோலியின் பெயரைத் தாங்குகிறது. கோர்சிகத் தேசியவாதிகளுக்குப் பின்னவரே முன்னோடி. புரட்சிக்கால உள்நாட்டுப் போரில் குருதி சிந்திய வாந்தே பகுதியிலோ, லா ரோஷ்-சூர்-யோன் நகரை 1804இல் தலைநகராக உருவாக்கியவர் என்ற முறையில் அவருடைய குதிரைச்சிலை நடுச்சதுக்கத்தில் நிற்கிறது.

அரசியல் மரபும் அதன் மாற்றமும்

அரசியலறிஞர் ரெனே ரெமோன், பிரெஞ்சு வலதுசாரி மரபுகளை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றுக்குப் போனபார்ட்டியம் எனப் பெயரிட்டார். வலிமையான தலைவர், கட்சிகளுக்கு மேலான ஆட்சி, மக்களிடம் நேரடியாகச் செல்லும் பொதுவாக்கெடுப்பு ஆகியவை அதன் கூறுகள். 1958இல் உருவான ஐந்தாம் குடியரசின் அமைப்பில் அம்மரபின் சாயலைக் கண்டோர் உண்டு. இடதுசாரிகளின் அச்சமும் இங்கிருந்தே தோன்றுகிறது. முன்னாள் தலைமை அமைச்சர் லியோனல் ஜோஸ்பேன் 2014இல் வெளியிட்ட நூல், நெப்போலியனின் ஆட்சி பிரான்சுக்கு நீண்டகாலத் தீங்கு விளைத்தது என்று வாதிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சி கோர்பியேர் 2021இல், குடியரசைக் குழிதோண்டிப் புதைத்தவருக்குக் குடியரசு வணக்கம் செலுத்தலாகாது என்றார். மறுபுறம், வலதுசாரிகள் பலருக்கு நெப்போலியன் மீதான ஒவ்வொரு கேள்வியும் தேசிய வரலாற்றின் மீதான தாக்குதலாகத் தோன்றியது.

இவ்விரு தரப்பின் பழைய மொழி இன்னும் குடியரசு, பேரரசு என்ற சொற்களிலேயே இயங்குகிறது. குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் வேர்கொண்ட குடிமக்களின் வினா வேறு. தெல்கிரேஸ் எந்தப் பிரான்சுக்காக இறந்தார்? அவரைக் கொன்ற படையும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வந்தது. அவரும் அக்கொடியின்கீழ்ப் பணியாற்றியவரே. நினைவுகூர்தல், கொண்டாடுதல் என்ற வேறுபாடு அரசு விழாவின் சிக்கலை ஓரளவு தீர்த்தது. இவ்வினாவுக்கு அது விடை தரவில்லை.

கலையும் இதில் தப்பவில்லை. இருநூறாம் ஆண்டையொட்டிக் கலைஞர் பாஸ்கல் கோன்வெர், நெப்போலியனின் குதிரை மரெங்கோவினுடைய எலும்புக்கூட்டின் படியை ஆன்வலீது கல்லறைக்கு மேலே தொங்கவிட்டார். பழங்காலத்தில் வீரனோடு குதிரையைப் புதைத்த மரபை அது சுட்டியது. கல்லறைக்கு இழுக்கு என்று சினந்தவர்கள் ஒருபுறம். போர்களில் மாண்ட பல இலட்சம் பேரை நினைவூட்டும் ஒரே பொருள் அதுதான் என்றவர்கள் மறுபுறம்.

ருவான் நகரின் வாக்கெடுப்பு

கருத்துகளை விடுத்து மக்கள் முடிவெடுத்த ஒரு நிகழ்வும் உண்டு. நார்மண்டியின் ருவான் நகராட்சி மன்றத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் 1865 முதல் நெப்போலியனின் வெண்கலக் குதிரைச்சிலை நின்றது. விரிசல் கண்டதால் 2020இல் அது பழுதுபார்க்க இறக்கப்பட்டது. அவ்வேளையில் நகரத்தலைவர் நிக்கோலா மேயர்-ரொசிஞோல், அதை வேறிடத்திற்கு மாற்றி, அவ்வாண்டு மறைந்த வழக்கறிஞரும் பெண்ணுரிமைப் போராளியுமான ழிசேல் அலிமியை நினைவுகூரும் படைப்பை அங்கு வைக்கலாம் என்றார். சிலையை அழிக்கும் திட்டம் அதில் இல்லை. எனினும் நகரம் இரண்டுபட்டது. 2021 டிசம்பரில் மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது.

வாக்களித்தோருள் மூன்றில் இரண்டு பங்கினர் சிலை தன் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும் என்றனர். இதைப் பேரரசர் பற்றாகப் படிப்பது அவசர முடிவாகும். வாக்களித்தோர் தொகை சில ஆயிரமே. நகரின் பெரும்பான்மையோர் வாக்களிக்கவே இல்லை. சிலையை விரும்பியோர் பலர் ருவானின் வழமையான காட்சியைக் காக்கவே விரும்பினர். நகரத்தலைவர் முடிவை ஏற்றார். பழுது நீக்கப்பட்ட சிலை 2022 சூலையில் அதே பீடத்திற்குத் திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், நெப்போலியன் அணிந்ததாகக் கருதப்படும் இருமுனைத் தொப்பி ஒன்று ஃபோந்தேன்புளோவில் 19 இலட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. அதே மாதம் திரைக்கு வந்த ரிட்லி ஸ்காட்டின் திரைப்படத்தைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் பலர் கடுமையாகச் சாடினர். நெப்போலியனைத் தாழ்த்திக் காட்டுகிறது என்றும் வரலாற்றுப் பிழைகள் மிகுந்தது என்றும் எழுதிய அதே பத்திரிகைகளின் பக்கங்களில்தான், ஈராண்டுகளுக்கு முன் அவரை நினைவுகூரலாமா என்ற விவாதமும் நடந்திருந்தது.